கட்டுப்பாட்டை இழந்த பிட்சர் மீண்டு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்பாலில் பேட்டரை நோக்கிப் பந்து எறிபவர் பிட்சர். பந்தின் மேலிருந்த கட்டுப்பாட்டைத் திடீரென்று இழந்துவிட்ட இளம் பிட்சர்கள் அதிலிருந்து மீளப் படும் பாட்டைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஸ்டீவ் பிளாஸ் எதையெல்லாம் செய்து பார்த்துத் தோற்றாரோ, அதையே கிட்டத்தட்ட அதே வரிசையில் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிளாஸ் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்க மேஜர் லீக் கோப்பைக்கான 1971 உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக இரண்டு ஆட்டங்களை முழுமையாக வீசி ஜெயித்துக் கொடுத்தவர். அதில் ஒன்று கோப்பையை முடிவு செய்த ஏழாவது ஆட்டம். 1972-இல் 19 வெற்றி. எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஓர் இன்னிங்ஸ், ஒருவர் மட்டும் என்றால் ⅓ இன்னிங்ஸ். அந்த ஆண்டு ஏறக்குறைய 250 இன்னிங்ஸில் அவர் கொடுத்த வாக் 84. ஹோம் பிளேட் என்ற பலகைக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட இடம்தான் ஸ்டிரைக் பகுதி. நான்கு பந்து அதற்கு வெளியே போனால் பேட்டர் மட்டையை அசைக்காமலே முதல் பேஸுக்கு நடந்துவிடுவார், அதுதான் வாக். அடுத்த ஆண்டும் அவர் கொடுத்தது அதே 84 வாக்தான், ஆனால் 89 இன்னிங்ஸ்கூட நிறையாமல். வலி இல்லை, வேகம் குறையவில்லை, பேட்டர் நிற்காத புல்பென்னில், அதாவது பிட்சர்கள் எறிந்து பழகும் இடத்தில், பந்து ஒழுங்காகவே போனது. 1975-இல், 32 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டார். அவர் பெயரே அந்தக் கோளாறுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பொதுவாக யிப்ஸ் என்பார்கள்.

உடம்பைச் சூடேற்றாமல் எறிவது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

உடம்பைப் பார்க்காமல் மனசின் மேல் பழி போடுவது

கட்டுப்பாடு போய்விட்டது, வலி இல்லை, அப்படியென்றால் மனசுதான் என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். முழங்கையின் உட்பக்கத் தசைநார் நைந்துபோகத் தொடங்கும்போது சிலருக்கு வலிக்கு முன்பே பந்தின் திசைதான் கெடும். உல்நார் நரம்பு அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், பிடி தளரும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நரம்போ ரத்தக் குழாயோ நெருக்கப்பட்டால், பதினைந்து இருபது பந்துக்குப் பிறகு கை கனக்கும், விரல் நுனி சில்லிடும், பந்து கையில் இருப்பதே சரியாகத் தெரியாது. இவை எதையும் தியானத்தால் சரிசெய்ய முடியாது.

பிரேவ்ஸ் அணியின் மார்க் வோலர்ஸ் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் பிட்சர். 1998-இல் 20⅓ இன்னிங்ஸில் 33 வாக் கொடுத்தார். எல்லோரும் அவர் மனநிலையைப் பற்றியே பேசினார்கள். அதற்கடுத்த ஆண்டு அவருக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. 2000-இல் மேஜர் லீகுக்குத் திரும்பி 2002 வரை வீசினார். அவருடைய சிக்கலில் எத்தனை பங்கு முழங்கை, எத்தனை பங்கு மனம் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பரிசோதனை முதலில் வரவேண்டும் என்கிறேன்.

விளையாட்டு மருத்துவரிடம் போகும்போது கட்டுப்பாடு போன தேதி, எத்தனையாவது பந்தில் கை மாறுகிறது, எந்த விரலில் உணர்வு குறைகிறது ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தோள், முழங்கை இரண்டுக்கும் ஸ்கேன் வேண்டுமா, நரம்போட்டப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தனியாக நின்று வெறும் வலைக்குள் எறியும்போதும் விரலோ மணிக்கட்டோ தானாக மடங்கினால், அதே கை எழுதவும் சாப்பிடவும் ஒழுங்காக இருந்தாலும், நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். ஒரு குறிப்பிட்ட செயலில் மட்டும் தசை தானாக இறுகும் கோளாறு உண்டு. அது பதற்றத்தால் வருவதிலிருந்து வேறானது, அதற்கான வைத்தியமும் வேறு.

எறியும் முறையைப் பிரித்துப் போட்டு மாற்றிக்கொண்டே இருப்பது

நல்ல கைகளை அதிகம் பாழாக்கியது இந்தத் தவறுதான். இதைத் தடுக்கவும் முடியும், தடுக்க வேண்டியவர்களே செய்யவும் செய்கிறார்கள் என்பதால் எனக்குக் கோபமும் அதிகம் வருகிறது.

வழக்கமாக இப்படித்தான் நடக்கும். மூன்று ஆட்டங்கள் மோசமாகப் போகும். ஒரு கோச் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "முன்தோள் சீக்கிரம் திறக்கிறது" என்பார். அதைச் சரிசெய்யும் வாரத்தில் பந்து இன்னும் உயரப் போகும். இன்னொருவர் வந்து "காலடி குறுகிவிட்டது" என்பார். அப்பா ஒரு பழைய காணொளியை அனுப்புவார். சக பிட்சர் கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் தாழ்த்திப் பார்க்கச் சொல்வார். இரண்டு மாதத்தில் அந்தப் பையனிடம் நான்கு விதமான எறிமுறை இருக்கும், நான்கில் எதுவும் அவனுடையதாக இருக்காது.

இது ஏன் பலிக்காது என்பதற்குக் கணக்கே சாட்சி. பிட்சர் நிற்கும் ரப்பர் பட்டையிலிருந்து ஹோம் பிளேட் 18.44 மீட்டர். அடி எடுத்து வைத்த பிறகு பந்து கையை விடும் இடத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 16.7 மீட்டர். பிளேட்டின் அகலம் 43 சென்டிமீட்டர். நடுவைக் குறிவைத்த பந்து கையை விடும்போது 1 டிகிரி பக்கவாட்டில் விலகினால், பிளேட்டை அடையும்போது 29 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அதாவது ஸ்டிரைக் பகுதிக்கு வெளியே. இப்போது நேரத்தைப் பாருங்கள். முன்கால் மண்ணில் பதிந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை சுமார் 150 மில்லி விநாடி. ஒன்றைக் கண்டு, அதை மனம் உணர்ந்து, கையை அதற்கேற்பத் திருத்த ஏறத்தாழ 200 மில்லி விநாடி வேண்டும். ஆக, கை முன்னோக்கிப் பாயும்போது முழங்கையைச் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைப்பது நடக்காத காரியம். யோசனை வந்து சேர்வதற்குள் பந்து போயிருக்கும். யோசனை செய்யக்கூடியது ஒன்றுதான்: எறிவதற்கு முன்பே தசைகளை இறுக்கிவிடுவது.

பல்லாயிரம் பந்துகளில் உடம்பு தானாகக் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. ஆயிரம் தடவை போட்ட கையெழுத்தையே ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்துப் போடச் சொன்னால் கள்ளக் கையெழுத்து போலத்தான் வரும். யிப்ஸ் வந்தவர் ஏற்கெனவே தன் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவரிடம் போய் "முழங்கையைக் கவனி" என்பது அந்த நோயையே மருந்து என்று கொடுப்பதாகும்.

டேனியல் பார்ட் பட்ட பாடு இதற்குப் போதும். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக மணிக்கு 160 கிலோமீட்டர் வரை எறிந்தவர். ஆட்டத்தின் பிற்பகுதியில் இறங்கும் அவரை 2012-இல் தொடக்க பிட்சராக மாற்றினார்கள். ஜூன் மாதம் டொரன்டோவில் 1⅔ இன்னிங்ஸில் 6 வாக். இரண்டு பேட்டர்கள் மேல் பந்து பட்டது. மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள், கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் எறிந்து பார்த்தது உட்பட. 2014-இல் கீழ்நிலை லீகில் ஹிக்கரி அணிக்கு அவர் சந்தித்த 18 பேட்டர்களில் 9 பேருக்கு வாக் கொடுத்தார், 7 பேர் மேல் பந்து பட்டது. மேலும் பல அணிகளின் மைனர் லீக் அமைப்புகளைச் சுற்றிவிட்டு 2017-இல் ஓய்வு பெற்றார்.

பிறகு நடந்ததைக் கோச்கள் கூர்ந்து படிக்க வேண்டும். அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அமைப்பில் இளம் வீரர்களுக்கு மனவழிகாட்டியாகச் சேர்ந்தார். பையன்களோடு சும்மா கேட்ச் பிடித்துக்கொண்டிருந்தபோது கை பழையபடி இலகுவாக வந்தது. யாரும் அளக்கவில்லை, எண்ணவில்லை, அந்தப் பந்துகளை வைத்து யாருடைய வேலையும் முடிவாகப் போவதில்லை. 2020 ஜூலையில் கொலராடோ ராக்கீஸ் அணிக்காக மேஜர் லீக் ஆட்டத்தில் இறங்கினார். 2013 ஏப்ரலுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்தக் குறுகிய பருவத்தில் 24⅔ இன்னிங்ஸுக்கு 10 வாக் மட்டுமே கொடுத்து, மீண்டு வந்த வீரருக்கான நேஷனல் லீக் விருதைப் பெற்றார். 2022-இல் 34 ஆட்டங்களில் அணியின் வெற்றியைக் காத்து முடித்துக் கொடுத்தார். கை எதையும் மறந்திருக்கவில்லை.

திருத்தமே கூடாது என்று சொல்லவில்லை. எது எறிமுறைக் கோளாறு, எது யிப்ஸ் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். 40 பந்துகள் எறியச் சொல்லி, பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் நிற்பவர் ஒவ்வொன்றும் எங்கே போனது என்று தாளில் புள்ளி வைக்கட்டும். தவறிய பந்துகளில் பெரும்பகுதி ஒரே மூலையில், வலக்கைப் பிட்சர் என்றால் அவரது வலப்பக்கம் மேலே, குவிந்தால் அது எறிமுறைக் கோளாறு. கை பின்தங்குகிறது என்று பொருள், அதைத் திருத்தலாம். ஒன்று பின்வேலிக்குப் போய், அடுத்தது பிளேட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் மண்ணில் குத்தி, மூன்றாவது அழகான ஸ்டிரைக்காக வந்தால், எந்தத் திருத்தத்தாலும் அந்தச் சிதறலைக் கட்ட முடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு சோதனை: அதே 40 பந்துகளைக் குறி எதுவும் இல்லாத வலைக்குள், முழு வேகத்தில். அங்கே உடம்பு இலகுவாக ஓடி, கேட்சர் உட்கார்ந்ததும் இறுகினால் விடை தெரிந்துவிட்டது.

யிப்ஸ்தான் என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது இது. நன்றாக வீசிய கடைசிப் பருவத்தின் ஒரு வீடியோவை ஒரே ஒரு முறை பாருங்கள். ரப்பரின் எந்தப் பக்கம் நிற்கிறார், எறியுமுன் உடம்பின் அசைவு முழுச் சுழற்சியா குறுஞ்சுழற்சியா, கை எந்த உயரத்தில் வருகிறது என்ற மூன்றை மட்டும் ஓர் அட்டையில் எழுதுங்கள். எட்டு வாரம் இந்த மூன்றும் மாறாது. எறிதலைப் பற்றிப் பேசும் உரிமை ஒருவருக்கு மட்டும். மற்ற கோச்கள், குடும்பத்தார், நண்பர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். குறிப்புச் சொல்வதானால் ஒரு வாரத்துக்கு ஒன்று, அதுவும் உடம்புக்கு வெளியே இருக்கும் ஒன்றைப் பற்றி: "கேட்சரின் முகமூடியைத் துளைத்துக்கொண்டு போகட்டும்." தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் ஆகிய நான்கு சொற்களும் அந்த எட்டு வாரம் வாயில் வரக்கூடாது. கைபேசிக் கேமராவும் அணைந்திருக்கட்டும்.

கோச்களுக்கு இது கடினம் என்பது புரிகிறது. பையன் தவிக்கும்போது சும்மா நிற்பது வேலை செய்யாதது போலத் தோன்றும், பெற்றோரும் நிர்வாகமும் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக ஒரு கையைக் கெடுக்காதீர்கள்.

"ஸ்டிரைக் போடு, போதும்!"

சொல்லாதீர்கள். அது அவருக்குத் தெரியும்.

வேகத்தைக் குறைத்துப் பந்தை வைத்துப் போடுவது

வாக் கொடுத்துக் கொடுத்து வெட்கப்பட்டவர் அடுத்துச் செய்வது, எண்பது சதவீத வேகத்தில் பந்தைப் பிளேட்டின் நடுவில் "வைத்து" விடப் பார்ப்பது. முதல் நாள் சில ஸ்டிரைக் விழும், அதனால்தான் இது ஏமாற்றுகிறது. கையின் வேகம் குறைந்தால் காலுக்கும் இடுப்புக்கும் கைக்கும் உள்ள கால ஒழுங்கு மாறிவிடும். மெதுவான கையில் யோசனை நுழைய இடமும் கூடும். விரல்கள் பந்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், பந்து மண்ணில் குத்தும்.

குறைக்க வேண்டியது தூரத்தை. கையின் வேகத்தைத் தொடாதீர்கள். 9 மீட்டரில் முழு வேகம், பிறகு 12, 15, கடைசியில் 18.44. குறியையும் பெரிதிலிருந்து சிறிதாக்குங்கள். இரண்டு மீட்டர் சதுர வலையில் எங்கே பட்டாலும் சரி என்று தொடங்கி, அதில் பாதி, பிறகு ஸ்டிரைக் பகுதியின் இரு மடங்கு, கடைசியில் கேட்சரின் கையுறை. எல்லா நிலையிலும் ஒரே கை, ஒரே வேகம்.

புல்பென்னில் சரியாகிவிட்டது என்று நேரே ஆட்டத்துக்குப் போவது

பிளாஸுக்குப் புல்பென்னில் குறையே இல்லை என்று முன்பே சொன்னேன். புல்பென்னில் பந்து ஒழுங்காகப் போவது குணமானதன் அடையாளம் ஆகாது. யிப்ஸின் சுபாவமே அதுதான். பேட்டர், கூட்டம், எண்ணிக்கை, கடிகாரம், அடுத்த ஆட்டத்தில் வாய்ப்பு கிடைக்குமா என்ற பயம் என்று ஆட்டத்தில் சேரும் சுமைகள் ஒவ்வொன்றாகக் கூடும்போது எந்த இடத்தில் கை இறுகுகிறது என்று தெரிந்தாக வேண்டும். எல்லாச் சுமையையும் ஒரே மாலையில் தலையில் ஏற்றினால் எது அழுத்தியது என்றே தெரியாது.

ரிக் ஆங்கீல் கதையில் இது தெளிவாகத் தெரியும். 2000 அக்டோபர் 3, செயின்ட் லூயிஸ். 21 வயதில், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டத்தில் இறங்கியவர், மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் கேட்சருக்கு எட்டாத ஐந்து வைல்ட் பிட்ச் வீசினார். அந்தப் பருவத்தில் 175 இன்னிங்ஸில் 194 பேரை ஸ்டிரைக் அவுட் செய்த, அதாவது மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றிய, கை அது. 2001-இல் மறுபடி மேஜர் லீகிலேயே ஏற்றினார்கள். 24 இன்னிங்ஸில் 25 வாக். ஒரு படி இறக்கி மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். 4⅓ இன்னிங்ஸில் 17 வாக். கடைசியில் அடிமட்ட லீகில் ஜான்சன் சிட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே 87⅔ இன்னிங்ஸில் 158 ஸ்டிரைக் அவுட். ஒரே ஆண்டு, ஒரே கை. சுமை இறங்கியதும் பந்து திரும்பி வந்தது. அந்த இறக்கத்தை ஏப்ரலிலேயே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஏறும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. நடந்துகொண்டே கேட்ச் பிடித்தல், 10 முதல் 20 மீட்டர். பேச்சு ஓடிக்கொண்டிருக்கட்டும். குறி இல்லை.
2. 30 முதல் 45 மீட்டர் வரை வளைவாக உயர எறிதல்.
3. சமதரையில், முழு வேகத்தில், மேலே சொன்ன தூர வரிசை.
4. பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டில், கேட்சருக்கு, பேட்டர் இல்லாமல்.
5. பேட்டர் நிற்கும் இடத்தில் ஒரு பொம்மை. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.
6. மட்டையை வீசாமல் நிற்கும் ஆள். ஹெல்மெட், முழங்கைக் காப்பு கட்டாயம்.
7. அடிக்கும் பேட்டர், அணிக்குள்ளேயே ஆட்டம்.
8. முடிவு யாரையும் பாதிக்காத வெளி ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ்.

ஒரு அமர்வில் 25 பந்து. ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் 25-க்கு 20 பந்தாவது இலகுவாகக் கையை விட்டால் ஒரு படி ஏறலாம். இலகு என்பதை எப்படி அளப்பது என்று கீழே சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு படி ஏறக்கூடாது.

ஐந்தும் ஆறும் பலர் தாண்டிக் குதிக்கும் படிகள். ஆனால் நிறையப் பேருக்குக் கை இறுகுவதே இங்கேதான், ஏனென்றால் எதிரே நிற்பவரை அடித்துவிடுவோமோ என்ற பயம் உண்மையானது. 145 கிராம் எடையுள்ள பந்து அந்த வேகத்தில் எலும்பை உடைக்கும். டெட்ராய்ட் டைகர்ஸின் கெவின் சோசியர் அந்தப் பயத்தாலேயே ஆட்டத்தை விட்டார். பயப்படாதே என்று சொன்னால் போகாது. பொம்மையின் மேல் பந்து படட்டும், படுவதைப் பார்க்கட்டும், அடுத்த பந்தை எறியட்டும்.

நான்காம் படியிலிருந்து கடிகாரத்தையும் சேர்த்துவிடுங்கள். 2023 முதல் மேஜர் லீகில் பேஸ்களில் எதிரணி ஆள் யாரும் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும். ஆள் இருந்தால் முதலில் 20 ஆக இருந்தது, 2024-இல் 18 ஆனது. மவுண்டைச் சுற்றி நடந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளும் பழைய வழி இனி இல்லை. ஒரு மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட்டு, கேட்சரின் முகமூடியைப் பார்த்து, எறிந்துவிடும் 8 விநாடிப் பழக்கம் ஒன்றை அப்போதே உருவாக்க வேண்டும்.

ஸ்டிரைக்குகளை மட்டும் எண்ணுவது

மீண்டுவரும் முதல் இரண்டு மாதம் ஸ்டிரைக் எண்ணிக்கை தப்பான அளவுகோல். கை இறுகியபடியே எறிந்த பந்தும் தற்செயலாக ஸ்டிரைக் ஆகும். இலகுவாக விட்ட பந்தும் ஒரு சாண் தள்ளிப் போகும். முதல் வகையைப் பாராட்டி இரண்டாம் வகைக்கு முகம் சுளித்தால், இறுக்கத்தைத்தான் வளர்க்கிறீர்கள்.

ஒவ்வொரு பந்துக்கும் எறிந்தவர் ஓர் எண் சொல்லட்டும்: 3 என்றால் தானாக ஓடியது, 2 என்றால் நடுவே ஏதோ யோசனை, 1 என்றால் பிடித்துக்கொண்டது. பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளைவைப் பார்த்து எண்ணைச் சொல்வார். இதைப் பழக 3 மீட்டரில் வலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு 15 பந்து எறிவது நல்ல வழி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதபோது கை என்ன செய்தது என்பது தெளிவாகத் தெரியும். நான் சொன்ன 25-க்கு 20 என்பது 3 வாங்கிய பந்துகளின் கணக்கு. ஸ்டிரைக்கை ஏழாம் படியிலிருந்து எண்ணுங்கள்.

"நல்லதாக ஒன்று போட்டுவிட்டு முடிப்போம்"

25 என்றால் 25. கடைசிப் பந்து வேலியில் போய் விழுந்தாலும் அத்தோடு காலணியைக் கழற்றுங்கள். நல்ல பந்து ஒன்றைத் துரத்திக்கொண்டு எறிந்த கூடுதல் அறுபது பந்துகளில்தான் தோளும் கெடுகிறது, மனமும் கெடுகிறது.

குடித்துவிட்டு இறங்குவது

2001-இல் வோட்கா குடித்துவிட்டு மவுண்டில் ஏறியதை ஆங்கீலே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அது காப்பாற்றவில்லை. எதிரே நிற்கும் பேட்டரின் தலையையும் எண்ணிப் பாருங்கள்.

பேஸுக்கு எறிவதில் மட்டும் சிக்கல் இருக்கும்போது எல்லாவற்றையும் கிளறுவது

சில பிட்சர்களுக்குப் பிளேட்டுக்கு எறிவதில் எந்தக் குறையும் இருக்காது. முதல் பேஸுக்குத் திரும்பி எறியும்போது மட்டும் கை மறுக்கும். ஜான் லெஸ்டர் அப்படித்தான். அதை வைத்துக்கொண்டே 2016-இல் உலகத் தொடரை ஜெயித்த சிகாகோ கப்ஸ் அணியின் முன்னணி பிட்சராக இருந்தார். முதல் பேஸில் நின்று அடுத்த பேஸுக்கு ஓடத் துடிப்பவரைத் தடுக்க, பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம், பிளேட்டுக்கு விரைந்து எறியலாம், கேட்சரின் கையை நம்பலாம். எறிந்தே ஆகவேண்டும் என்றால் லெஸ்டர் செய்தது போல ஒரு துள்ளல் விழ எறியலாம். பிளேட்டுக்கு எறியும் முறையை மட்டும் தொடாதீர்கள்.

மறைப்பது

கேட்சருக்குத் தெரியாமல் இருக்காது. அவரிடமாவது முதலில் சொல்லுங்கள். அவர் நடுவில் உட்கார்ந்து கையுறையைப் பெரிதாகத் திறந்து வைப்பதே பாதி உதவி. அணி மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் சொல்வதால் இடம் பறிபோகும் என்ற பயம் முன்பு நியாயமாக இருந்தது. இப்போது பதற்றம் என்ற காரணத்தையே எழுதி வீரர்களைக் காயப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2009-இல் டான்ட்ரெல் வில்லிஸ், 2023 பருவத்தின் முதல் நாளில் பார்ட், இருவருமே அப்படிச் சேர்ந்தவர்கள். பட்டியலில் சேர்ந்தால் ஏறும் படிகளுக்கு வேண்டிய வாரங்கள் கிடைக்கும். மறைத்தால் ஒவ்வொரு வாரமும் எட்டாம் படியில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

பிட்சராக மட்டுமே திரும்புவேன் என்ற பிடிவாதம்

ஆங்கீல் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2004 செப்டம்பரில் மேஜர் லீகில் 10 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு வாக் கொடுத்தார். எண்ணிக்கையைப் பார்த்தால் மீண்டுவிட்டார். ஆனாலும் 2005 மார்ச்சில் பிட்சிங்கை நிறுத்திவிட்டு, மைதானத்தின் தொலைவில் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டரானார். 2007 ஆகஸ்டில் அதே செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே, பந்தை வேலிக்கு வெளியே அடித்து ஹோம் ரன். 2008-இல் 25 ஹோம் ரன். தோற்றுப்போய் எடுத்த முடிவு என்று இதை நான் எண்ணவில்லை. எறிவது நரகமாகிவிட்ட பிறகு அதில் வெற்றி கிடைத்தாலும் வாழ முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டு வாரத்தை மூன்று சுற்று முடித்தும் நான்காம் படியைத் தாண்ட முடியாத 19 வயதுப் பையனிடம், அவன் மட்டையையும் ஓட்டத்தையும் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

திரும்பி வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைப்பது

பார்டுக்கு 2020-இல் போன யிப்ஸ் 2023-இல் மறுபடி எட்டிப் பார்த்தது. அந்த மார்ச்சில் வெனிசுவேலாவுக்கு எதிராக அமெரிக்க அணிக்கு வீசியபோது பந்து பட்டு ஹோசே அல்டூவேயின் கட்டைவிரல் முறிந்தது. அதன்பின் இரண்டு வாரத்துக்குள் பார்ட் பதற்றத்துக்காக ஓய்வு கேட்டார். ஏப்ரலிலேயே மீண்டும் மவுண்டில் இருந்தார். 2012-க்குப் பிறகு திரும்பி வர ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது, இம்முறை சில வாரங்கள் போதுமாக இருந்தன.

ஆகவே மீண்டவர் அந்த அட்டையைத் தூக்கி எறியக்கூடாது. ஓர் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று பந்து 1 என்று தோன்றினால் அன்றைக்கே கோச்சிடம் சொல்லுங்கள். மறுநாள் வீடியோ பார்க்க வேண்டாம். எட்டாம் படியில் இருந்தவர் ஆறுக்கு இறங்குங்கள், பூஜ்யத்துக்குப் போக வேண்டியதில்லை. 25 பந்து, ஒருநாள் ஓய்வு, மறுபடி 25. பந்து யார் மேலாவது பட்டிருந்தால் ஐந்தாம் படியின் பொம்மையிலிருந்து தொடங்குங்கள், பந்து பட்ட பேட்டர் எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பக்கத்தில் முதலில்.